ஒகேனக்கல் பரிசல் பயணமும் முதலைகள் மறுவாழ்வு மையமும்: எங்கள் அனுபவம்

நீரில் மிதந்தபடியே பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டபோது முதலில் பிச்சாவரத்து அலையாத்திக் காடுதான் நினைவுக்கு வந்தது. தருமபுரியிலிருந்து அங்கே சென்று நிதானமாகப் பார்த்துத் திரும்ப இரண்டு நாட்களாவது தேவை என்பதால், 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒகேனக்கல்லுக்கே சென்றோம். குளிக்கவும் மீன் வறுவல் சாப்பிடவும் பலமுறை சென்ற ஊர்தான் என்றாலும், உயிரினங்களைக் காண்பதற்காகவே சென்றது இதுவே முதல் முறை.

பென்னாகரத்தைக் கடந்து மலைப்பாதையில் இறங்கி, கூட்டம் சேர்வதற்கு முன்பே பரிசல் துறையை அடைந்தோம். வழியில் ஒருவர் மறித்து, கூடுதல் பணம் கொடுத்தால் தாமே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அத்தகையவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் நேராகக் கட்டணச் சீட்டு வழங்கும் இடத்திற்குச் செல்வதே நல்லது. உயிர்காப்பு உடையை அணிந்து, மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி அடியில் தார் பூசிய அந்த வட்டப் பரிசலில் அமர்ந்தோம்.

பரிசலை வேகமாகச் சுழற்றிக் காட்டுவதைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். நாங்கள் அது வேண்டாம், பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றதும் பரிசல்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. இருபுறமும் செங்குத்தாக உயர்ந்த பாறைகளுக்கிடையே ஓசையின்றித் துடுப்பு வலித்தவர், ஓரிடத்தில் பாறை விளிம்பைக் கையால் பிடித்துப் பரிசலை நிறுத்தி, "பாப்பா, சத்தம் போடாம அந்தப் பக்கம் பாரு" என்றார். பத்தடி தூரத்தில் ஒரு பாம்புத்தாரா இறக்கைகளை முழுவதும் விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடுவதால்தான் ஆழத்தில் எளிதாக மூழ்கி மீனைக் குத்திப் பிடிக்க முடிகிறது. அதனாலேயே கரையேறியதும் இப்படி உலர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கழுத்தை அது மெல்ல வளைத்துத் திரும்பியபோது, அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை நான் மகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சற்று அப்பால் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, கல் விழுவதுபோல் செங்குத்தாகப் பாய்ந்தது. ஆற்றில் முதலை எதுவும் கண்ணில் படவில்லை.

அந்தக் குறையை முதலைகள் மறுவாழ்வு மையம் தீர்த்தது. இங்குள்ளவை நன்னீரில் வாழும் சதுப்பு முதலைகள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கும் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. வாயை அகலத் திறந்து அவை அசையாமல் கிடப்பது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதற்காகத்தான். குழியில் இடும் முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதையும் வெப்பமே தீர்மானிக்கிறது என்று சொன்னதும், மகள் கம்பித் தடுப்பை விட்டு நகர மறுத்துவிட்டாள். அதே நேரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர்கள், முதலை அசையவில்லை என்று கல்லெறிந்தார்கள். தடுத்துச் சொன்ன பிறகே நிறுத்தினார்கள். அதைப் பார்த்தபோது மனம் மிகவும் வலித்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 504.33 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், 686.40 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. நீர்நாயும் லீத் மென்னோட்டு ஆமையும் வாழும் இந்த ஆற்றை, நம் மாவட்டத்துக்காரர்களே அருவியாக மட்டும் பார்த்துத் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

செல்ல விரும்புவோர் காலையிலேயே சென்றுவிடுங்கள். வெயில் ஏறினால் பாறைகள் கொதிக்கும், கூட்டத்தின் இரைச்சலில் பறவைகளும் விலகிவிடும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கர்நாடக அணைகளில் உபரிநீர் திறக்கப்படும் மழைக்காலத்தில் நீர்வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்தைத் தடை செய்துவிடும் என்பதால், அன்றைய நிலவரத்தை விசாரித்த பிறகே வீட்டிலிருந்து புறப்படுங்கள்.