மண் கோட்டையா, கல் கோட்டையா?

அயர்லாந்தில் வட்டக் கோட்டைகள் 40,000-க்கும் மேல், பெரும்பாலும் கி.பி. 600-900 வாக்கில் வசதியான விவசாயிகள் குடும்பத்தோடும் மாடுகளோடும் வாழக் கட்டியவை, அதனால் கோட்டை என்பதே கொஞ்சம் பெரிய பேர்தான். மண்ணில் எழுப்பினால் ராத், கல்லை அடுக்கினால் கேஷல்.

பார்க்கப் போவதென்றால் கேஷல்தான். கெர்ரி பக்கம் ஸ்டேக் கோட்டையின் சுவர் சாந்தே இல்லாமல் 5.5 மீட்டர் வரை நிற்கிறது. ராத்? புல் மூடிய மேடு, சுற்றிலும் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் எனக்கு ராத் மேல்தான் கவலை, ஏனென்றால் அது புராதனச் சின்னம் என்றே பலருக்குத் தெரியாது, ஒரு புல்டோசர் ஒரே காலையில் சமப்படுத்திவிடும். பதிவான சின்னத்தில் கைவைக்க இரண்டு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று 1994 சட்டத்திருத்தம் சொன்னது, சரி, அதற்கு முன் பல தலைமுறைகளாக இவற்றைக் காத்தது தேவதைகள் குடியிருக்கும் இடம், கைவைத்தால் கெடுதல் வரும் என்ற பயம்தான். அங்குள்ள முள்மரத்தை வெட்டக்கூட விவசாயிகள் தயங்குவார்கள்.