பச்சை நிழல்வலை: உப்புக்காற்றில் எப்படி?

எங்கள் தோட்டம் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம், கடற்கரை மணலில். சித்திரை வெயிலில் கீரை முளைத்தாலும் மத்தியானத்துக்குள் கருகிவிடும். அதற்காகத்தான் இந்த வலை வாங்கினோம். 50 சதவீத நிழல், மூன்று மீட்டர் அகலம்.

கீரைப்பாத்திக்கும் நாற்றங்காலுக்கும் அருமையான பொருள். அடியில் மண் ஈரம் சாயங்காலம் வரை நிற்கிறது. ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! கத்தரிக்கும் முண்டு மிளகாய்க்கும் நட்ட புதிதில் மட்டும் போதும். வேர் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். வெயில் குறைந்தால் செடி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. 75 சதவீத வலை காய்கறிக்கு வேண்டவே வேண்டாம், ஆட்டுக்கொட்டகை முன்னால் கட்ட ஆகும்.

குறை ஓரத்தில்தான். நடுவில் நன்றாகத் தாங்குகிறது, ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கம்பி கட்டிய இடம் கிழிகிறது. பக்கத்து வீட்டு மதினி கடல்தொழில் குடும்பம். பழைய மீன்வலைக் கயிற்றை ஓரம் முழுக்க ஓட்டி, வலை ஊசியால் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஆடிக்காற்றுக்கும் அசையவில்லை.

வேலியாக மட்டும் கட்டாதீர்கள். வெள்ளாட்டுக்குட்டி கொம்பை மாட்டிக்கொண்டு கத்தும், கோழி அடியில் கிளறி வழி பண்ணிவிடும். வேலிக்குப் பனைமட்டைதான் சரி. ஐப்பசி மழைக்கு முன்னால் வலையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிச் சுருட்டி வையுங்கள்.