மேலூர்ப் பள்ளிக்கு வாங்கிய யாகி ஆன்டெனா

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்துக் கடைக்காரர், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து குரல் வரும் அலைவரிசையான 145.800 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டு, யாகிக்கு (ஒரு திசையை நோக்கிப் பிடித்து, அங்கிருந்து வரும் ரேடியோ அலையை வாங்கும் ஆன்டெனா) ஒரு மீட்டரை ஒட்டிய அளவுகளில் அலுமினியக் குழாய்களை என் கண்முன்னேயே அறுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் பிடிப்பார்களே என்று ஒவ்வொரு முனையையும் அரம் போட்டு மழுக்கினார். அந்த அக்கறைக்கே காசு கொடுக்கலாம். கைப்பிடிதான் கனம், விண்வெளி நிலையம் வானத்தைக் கடக்கும் பத்து நிமிடமும் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

2025 ஜூலையில், விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா பெங்களூரில் கூடிய மாணவர்களுடன் ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பயன்படுத்தும் வானொலி) பேசியபோது, இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அவர் குரல் மேலூரில் ஒலித்தது. என் மாணவிகள் துள்ளிக் குதித்தார்கள். கேள்விகள் வேறு அலைவரிசையில் மேலே போனதால் எங்களுக்குக் கிடைத்தவை பதில்கள் மட்டுமே. என்ன கேட்டிருப்பார்கள் என்று பிள்ளைகளே நோட்டில் எழுதிப் பார்த்தார்கள். பள்ளிகள் தயங்காமல் வாங்கலாம்.