விண்டோஸ் அப்டேட்டை அணைத்து வைப்பதா, வந்ததும் போடுவதா?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் எதிலாவது கேட்டுப் பாருங்கள், "அப்டேட்டா, அதெல்லாம் வாங்கின அன்னிக்கே நிறுத்தியாச்சு" என்பார்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊருக்கு வருகிற பையன்கள் நேர் எதிர்க்கட்சி. வந்த அன்றே போடாவிட்டால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்துவார்கள். என்னைக் கேட்டால் கடைக்காரர் சொல்கிற காரணம் நியாயம், அதற்கு அவர் எடுத்த வழிதான் தப்பு.

காரணம் என்னவென்றால், கடையில் கம்ப்யூட்டர் மூன்று, பிரிண்டர் ஒன்றுதான். ஒரு மெஷினில் அதை மாட்டி, மற்ற இரண்டும் நெட்வொர்க்கில் அதற்கு அனுப்பும். 2021-ல் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதி) பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டு, வரிசையாக அப்டேட்டுகள் வந்தன. அதில் செப்டம்பரில் வந்தது சரியாக இந்த மாதிரி அமைப்பில் கை வைத்தது. 11பி என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுப் பல நாடுகளில் பிரிண்ட் நின்றது. பட்டா நகலுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் ஆள் நிற்கும்போது யார் பொறுமையாக இருப்பார்கள்? அப்டேட்டைக் கழற்றினால் பிரிண்ட் வந்தது, அப்புறம் அதை யார் திரும்பப் போடப்போகிறார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு இன்னும் மோசம், சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டதால் மைக்ரோசாஃப்ட் அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை ஓட்டுபவருக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தாலே அன்றைய டேட்டா காலி.

ஆனால் நிரந்தரமாக அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ஐப் பாருங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் மே 12 அன்று பரவியது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. நடுவில் இரண்டு மாதம். நாள் முழுக்க யார் யாருடைய பென்டிரைவோ செருகப்படுகிற, ஆதார் நகல்கள் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கிற கடைக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

உடனே போடுகிற கட்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லூரி லேப்டாப்புக்குச் சரி, கடைக்குச் சரிப்படாது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி முடங்கியதே என்று அவர்களை மடக்குபவர்களும் உண்டு, அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோப்பு செய்த வேலை.

இரண்டு கட்சியுமே ஒன்றைக் கவனிப்பதில்லை. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய் வருவது (நமக்கு அன்று இரவு ஆகிவிடும், அதனால் புதன் காலை கடை திறக்கும்போது அது காத்திருக்கும்) பாதுகாப்புத் திருத்தம். வருடத்துக்கு ஒருமுறை வருவது புதுப் பதிப்பு. முதலாவதை ஒரு வாரம் நிறுத்தி (Pause) வைத்துவிட்டு, யாரும் கூச்சல் போடவில்லை என்றால் கடை மூடும் நேரத்தில் போடலாம். இரண்டாவதை மாதக்கணக்கில் தள்ளலாம், ப்ரோ எடிஷனில் 365 நாள் வரை தள்ள வழி இருக்கிறது. ஹாட்ஸ்பாட் ஆட்கள் அந்த இணைப்பை செட்டிங்ஸில் மீட்டர்டு (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போனால் இந்தத் தொல்லையே குறைவு, நடுவேலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் டிடிபி கடைக்காரரிடம் அதைச் சொல்லாதீர்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, அவருடைய பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்தது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், நம்மூர்க் கடைகளில் பாதி மெஷின் அதற்குத் தேறாது. தேறாததை வெறும் பத்திரிகை டிசைனுக்கும் பில்லிங்குக்கும் வைத்துக்கொண்டு நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், ஆன்லைன் விண்ணப்பம், பணம் கட்டுவது எல்லாம் தேறுகிற மெஷினில் மட்டும்.