‘9 மி.மீ. நேரோ கேஜ் செட்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மாடல் ரயிலில் நேரோ கேஜ் (மலை ரயில் மாதிரி அகலம் குறைந்த பாதை) லேஅவுட் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டவாளம், பாயிண்ட் (பாதை பிரியும் இடத்துக்கான துண்டு), இரண்டு பாலம் எல்லாம் சேர்த்து ‘எச்ஓ நேரோ கேஜ் செட்’ என்று ஆன்லைனில் ஒரு கடை விற்கிறது. எச்ஓ என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, அதாவது 1:87. வாங்கினேன். வந்தது நேரோ கேஜே இல்லை. நிஜத்தில் 160இல் ஒரு பங்கான, சாதாரண ‘என்’ ஸ்கேல் சாமான். பெட்டிமேல் இருந்த ஸ்டிக்கரை உரித்தால் அடியில் 1:160 என்று அச்சடித்திருக்கிறது.

புதியவர்களுக்காக ஒரு கணக்கு. நான் கட்டுவது 1:87 அளவில். நிஜத்தில் 762 மி.மீ. அகலமுள்ள பாதையை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மி.மீ. வரும். 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை 160ஆல் வகுத்தாலும் அதே 9தான். இந்த ஒற்றுமையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம் மட்டும்தான் பொருந்தும், மற்றது எதுவும் பொருந்தாது. விளம்பரப் படத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் தள்ளித் தள்ளி, கொஞ்சம் கோணல்மாணலாக, அசல் மலைப்பாதை மாதிரியே இருந்தன. வந்ததில் கட்டைக்குக் கட்டை 3 மி.மீ. சொச்சம்தான், சீப்புப் பல் மாதிரி. 1:87இல் 7 மி.மீ. அளவுக்காவது இருந்தால்தான் பார்க்க நேரோ கேஜாக இருக்கும். தண்டவாளத்தின் உயரம் அதைவிட மோசம். உயரத்தைக் ‘கோடு’ (code) எண்ணில் சொல்வார்கள். வந்தது கோடு 80, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 80 பங்கு, 2 மி.மீ. இதை 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 175 மி.மீ.யைத் தாண்டும். இன்றைய கனரக மெயின் லைன்களில் போடும் யுஐசி 60 தண்டவாளமே 172 மி.மீ. உயரம்தான்! குட்டி இன்ஜின் ஓடும் பாதைக்குக் கோடு 55 போதும், கோடு 40 இன்னும் அழகு.

அப்புறம் உலோகம். நிக்கல் சில்வர் என்று போட்டிருந்தார்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வரில் காந்தம் ஒட்டாது. இது முலாம் பூசிய இரும்பு. ஜல்லி ஒட்டப் பசைத்தண்ணீர் விட்டால் துரு ஏறும், இன்ஜினுக்குக் கரண்ட் விட்டுவிட்டு வரும்.

பாலத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இரும்பு டிரஸ் பாலத்தில் (பக்கங்களில் சட்டங்கள் கோத்த பாலம்) மேலே உள்ள குறுக்குக் கம்பி தண்டவாளத்திலிருந்து 36 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, என் இன்ஜினின் புகைபோக்கி 38. நுழையவே நுழையாது. பெட்டிகளாவது போகுமா என்று தள்ளிப் பார்த்தேன். நேராகப் போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு மி.மீ. சொச்சம் இடம் இருக்கிறது, சரி. ஆனால் பாலம் முடிந்த உடனே வளைவு என்றால், பெட்டியின் பின்முனை வெளியே வீசிப் படிக்கட்டு பாலத்தில் உரசுகிறது. நடைபாதைக் கைப்பிடி 1:87 பொம்மை மனிதனுக்கு முழங்கால் உயரம். அதைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்துதான் போக வேண்டும்!

மர டிரெசில் பாலமும் (வரிசை வரிசையாக மரக் கால்கள்மேல் நிற்கும் பாலம்) அதே கதை. நிஜத்தில் கால்வரிசைகளுக்கு நடுவே சுமார் 15 அடி விடுவது வழக்கம். 1:87இல் அது 52 மி.மீ. இதில் 28தான், வேலி நட்டது போல நெருக்கமாக நிற்கிறது. பாலத்தோடு சேர்ந்தே வரும் தண்டவாளமும் கோடு 80 என்பதால், ஏற்கெனவே போட்டிருந்த கோடு 55 பாதையோடு சேரும் இடத்தில் அரை மி.மீ.க்கு மேல் படி விழுகிறது. சின்னச் சக்கரம் அங்கே ஏறிக் கவிழாமல் என்ன செய்யும்?

கடைக்காரரிடம் கேட்டேன். “சார், 9 எம்எம் இருக்கா இல்லையா? வண்டி ஓடுதா இல்லையா?” என்றார். வண்டி பாலத்துக்குள் போகவில்லை என்றேன். “அது உங்க இன்ஜின் பிரச்சினை. பிரிச்ச பெட்டியை நாங்க திரும்ப எடுக்கிறதில்லை.” பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதே மாதிரி செட் எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் ஸ்கேல் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ‘9 மி.மீ.’ என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை. தண்டவாளத்தின் கோடு எண்ணையும், கட்டைகளின் இடைவெளியை அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் கேளுங்கள். பாலமென்றால் உள் அகலம், தண்டவாளத்தின் மேல்முனையிலிருந்து குறுக்குக் கம்பிவரை உயரம், பாலத்தில் பதித்திருக்கும் தண்டவாளத்தின் கோடு, மூன்றும் தெரிய வேண்டும். உங்களிடம் உள்ளதிலேயே உயரமான இன்ஜினையும் நீளமான பெட்டியையும் அளந்து ஓர் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் ஒப்பிடச் சுலபம். வளைவுக்குப் பக்கத்தில் பாலம் வருகிறதென்றால் இன்னும் தாராளமாக இடம் விடுங்கள்.

பெட்டி வந்ததும் எதையும் ஒட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். ஸ்டிக்கரை உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படம் எடுங்கள். பணம் கட்டிய கார்டு வங்கியில் புகார் கொடுத்தபோது எனக்கு வேலை செய்தது அந்தப் படம்தான். தண்டவாளத்துக்கான பணம் திரும்பி வந்துவிட்டது. பாலங்களுக்கு இன்னும் இழுபறி. கடை அதே படத்தைப் போட்டு இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.