பில்லில் செம்பு, காரில் அலுமினியம்

கோலாலம்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். செம்பு ரேடியேட்டர் என்று பில் எழுதிவிட்டு, கறுப்பு வர்ணம் பூசிய அலுமினியத்தைப் பொருத்தி அனுப்புகிறது செந்தூல் பக்கத்துப் பட்டறை ஒன்று. என் 1967 மோரிஸ் மைனருக்கு இது நடந்தது.

பழைய ரேடியேட்டரின் அடித்தொட்டியில் ஈயப்பற்று விட்டுக் கசிந்தது. பற்றவைத்தால் தீரும் கோளாறு. "கோர் முழுக்க அரித்துவிட்டது, புதுச் செம்பு போட்டால்தான் தாங்கும்" என்றார் பட்டறைக்காரர். கோர் என்பது ரேடியேட்டரின் நடுவில் குழாய்களும் தகடுகளும் உள்ள பகுதி. 900 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினார். சில மாதங்களில் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. வேறொரு மெக்கானிக் கத்தி முனையால் ஓரத்தைச் சுரண்டினார். செம்பு சிவந்து தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

பட்டறைக்காரரிடம் கேட்கப் போனால், "இப்போதெல்லாம் அலுமினியம்தான் அண்ணே நல்லது" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். வெப்பம் கடத்துவதில் செம்புதான் உயர்ந்தது. அலுமினியம் அதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். ஆனால் அலுமினியம் எடை குறைந்தது, அகலமான குழாய்களாகச் செய்யலாம். அதனால் தரமான அலுமினிய ரேடியேட்டர் செம்புக்குச் சளைக்காமல் குளிரவைக்கும். ஒரு நிபந்தனை: அரிப்பைத் தடுக்கும் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) கட்டாயம் வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரும் பழைய இரும்பு எஞ்சினும் சேர்ந்தால் மெல்லிய அலுமினியக் குழாய் பொத்துப்போகும். செம்பில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். அலுமினியம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு வழக்கே இல்லை.

என் பழைய ரேடியேட்டர் எங்கே என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை போகும் செம்பையும் பித்தளையையும் எந்தப் பட்டறைக்காரர் குப்பையில் போடுவார்?

ஆகவே, கழற்றும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். பழைய கோர் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். தகட்டோரத்தில் கொஞ்சம் வர்ணத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். பில்லில் உலோகத்தின் பெயர் இருப்பது முக்கியம்.

என்னிடம் அந்தப் பில் இருந்ததால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அறிவிப்பு கிடைத்ததும் பட்டறைக்காரர் அழைத்தார்: "அண்ணே, நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே." பேசலாம், பழைய ரேடியேட்டரோடு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.