பாரிமுனையில் ஒரு தட்டு அத்தோ

நான்கு வருடம் கழித்து மெல்போர்னில் இருந்து சென்னைக்குப் போய் இரண்டு வாரம் இருந்தோம். வீட்டில் அம்மா சமையல் இருந்ததால் வெளியே சாப்பிட்டது ஆறேழு வேளைதான். அதில் மறுபடி போயே ஆக வேண்டும் என்று தோன்றுவது, பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் ரோட்டில் இருக்கும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகளுக்கு.

1960-களில் பர்மாவை விட்டு வர வேண்டியிருந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் போட்டு, முட்டைகோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து, பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை மேலே நொறுக்கிக் கையாலேயே பிசைகிறார் கடைக்காரர். "காரம் எப்படிண்ணே?" என்றார். மீடியம் என்றேன். அவர் மீடியம் வேறு, என் மீடியம் வேறு என்பது இரண்டாவது வாயிலேயே தெரிந்தது. நல்லவேளை, வாழைத்தண்டு சூப் கொடுத்தார். கேட்டதும் இன்னொரு கரண்டி ஊற்றினார். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவதை அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிடப் பார்த்தேன், சட்டை போச்சு. சாயங்காலம் போங்கள், நின்றுகொண்டே சாப்பிடத் தயாராகப் போங்கள்.

அப்புறம் அப்படியே சௌகார்பேட்டைக்கு நடந்தோம். மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி, பாதாம் பால். பிள்ளைகளுக்கு முறுக்கு சாண்ட்விச்தான் பிடித்தது. எனக்கு ஒன்றே அதிகம்.

தள்ளுவண்டி வரை எங்கேயும் ஜிபேதான். என் ஆஸ்திரேலிய கார்டை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாதி நேரம் சித்தி பையன்தான் ஸ்கேன் செய்தான். ஐம்பதும் நூறுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு நாள், மாமா ஆசைப்பட்டார் என்று பெரிய ஏசி ரெஸ்டாரண்ட் ஒன்றுக்குப் போனோம். சாப்பாடு சுமார். பில்லில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி சரி, அதற்கு மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னேன். மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் புது பில் கொண்டுவந்தார். பரிமாறிய பையன் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமாவுக்குத்தான் கூச்சம்.

கிளம்புகிற அன்று காலை திருவல்லிக்கேணி ரத்னா கபே. 1948-இல் தொடங்கிய கடை. இட்லி மூழ்கும் வரை சாம்பார் ஊற்றினார் சர்வர். பாதியில் வற்றியதும், நான் கேட்கும் முன்பே திரும்பி வந்து ஊற்றினார்.